மாலினாய்ஸ் லைன் பார்ப்பது எப்படி? கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். மாலினாய்ஸ் நாய்களை வளர்த்துப் பழக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு வருபவர்களும் போனில் கூப்பிடுபவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். 2024 கடைசியில் பல்லடம் பக்கத்திலும், 2025-ல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீட்டில் இருந்தவர்களைக் கொன்ற சம்பவங்களுக்கு அப்புறம் அந்தப் போன்கள் மிகவும் கூடிவிட்டன. பயத்தில் அவசரப்பட்டுக் குட்டி வாங்குகிறவர்கள்தான் பின்னால் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். கஷ்டப்படுவது அந்த நாயும்தான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே எனக்குத் தெரிந்த பதிலைக் கொடுத்திருக்கிறேன்.

மாலினாய்ஸும் ஜெர்மன் ஷெப்பர்டும் ஒண்ணுதானுங்களா? எங்க ஊர்ல இதையும் அல்சேஷன்னுதான் சொல்றாங்க.

இல்லைங்க. மாலினாய்ஸ் பெல்ஜியம் நாட்டு மேய்ச்சல் நாய். 1891-ல் பிரஸ்ஸல்ஸ் பக்கம் குரேகம் கால்நடைக் கல்லூரியில் பேராசிரியர் அடால்ஃப் ரூல் அந்த நாட்டு ஆட்டுநாய்கள் 117-ஐ ஒரே இடத்துக்கு வரவழைத்துப் பார்த்தார். உடம்பு வாகு ஒன்றாகவும் முடி மட்டும் வேறு வேறாகவும் இருந்ததால், ஒரே இனத்தில் நான்கு வகை என்று பின்னால் முடிவானது: மாலினாய்ஸ், டெர்வுரன், குரோனண்டால், லேக்கனாய்ஸ். மாலின் என்ற ஊர்ப் பெயர்தான் குட்டை முடி வகைக்கு நின்றுவிட்டது.

ஆண் நாய் சராசரியாக 62 செ.மீ. உயரம், 25 முதல் 30 கிலோ. பெட்டை 58 செ.மீ., 20 முதல் 25 கிலோ. ஜெர்மன் ஷெப்பர்டை விட எடை குறைவு, வேகம் அதிகம், ஓய்வு குறைவு. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் யாரும் விசாரிக்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

பிளட்லைன் பிளட்லைன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்னதானுங்கண்ணா?

எங்கள் அப்பாரு பூச்சிக்காளை, அதாவது இனவிருத்திக் காளை, பார்க்கப் போனால் காளையை மட்டும் பார்த்துவிட்டு வரமாட்டார். அதன் தாய் எப்படிக் கறந்தது, கறக்கும்போது உதைத்ததா, அதே காளைக்குப் பிறந்த கன்றுகள் ஏரில் பூட்டினால் இழுக்கின்றனவா படுத்துக்கொள்கின்றனவா என்று நாலு தோட்டம் போய் விசாரித்துவிட்டுத்தான் மாட்டை ஓட்டிப்போவார். பழையகோட்டைப் பட்டக்காரர் வீட்டில் காங்கேயம் மாட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததும் இந்த மாதிரிப் பார்வையால்தான். நம் ஊர்க்காரருக்கு இது புதுசு இல்லை.

நாயிலும் அதேதான். ஒரே வேலைக்காகப் பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்துச் சேர்த்த குடும்பம்தான் லைன். எந்த வேலைக்குத் தெரிந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அந்தக் குடும்பத்துக் குட்டிகளின் சுபாவம் ஒரு பக்கம் சாயும். சாயும் என்றுதான் சொல்கிறேன். ஒரே ஈத்தில் ஏழு குட்டி இருந்தால் ஏழும் ஏழு விதமாகத்தான் இருக்கும்.

ஷோ லைனா, வொர்க்கிங் லைனா? வீட்டுக்கு எதுங்க நல்லது?

ஷோ லைன் என்பது உருவம், நடை, நிறம் பார்த்து வளர்த்தது. கொஞ்சம் நிதானமாக இருக்கும். வொர்க்கிங் லைன் என்பது வேலைச் சோதனையில் தேறிய நாய்களுக்குப் பிறந்தது. ஜெர்மன் ஷெப்பர்டில் இந்த இரண்டும் பார்த்தவுடனே வேறு வேறாகத் தெரியும். மாலினாய்ஸில் அந்த அளவுக்கு இடைவெளி இல்லை. நம் பக்கம் விற்கும் குட்டிகளில் பெரும்பாலும் வொர்க்கிங் ரத்தம்தான் கலந்திருக்கிறது, விற்பவர் ஷோ என்று சொன்னாலும் சரி.

நடைபயிற்சிக்கும் துணைக்கும் ஒரு நாய் வேண்டும் என்றால் மாலினாய்ஸே வேண்டாம் என்பதுதான் என் பதில். வேலை கொடுக்க முடியும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

கே.என்.பி.வி., என்.வி.பி.கே., பிரெஞ்ச் ரிங், ஐ.ஜி.பி.னு என்னென்னமோ சொல்றாங்க. எல்லாம் கடிக்கிற லைன்தானே, என்ன வித்தியாசம்?

இவை நான்கும் லைனின் பெயர்கள் இல்லை, சோதனைகளின் பெயர்கள், அல்லது அவற்றை நடத்தும் சங்கங்களின் பெயர்கள். எந்தச் சோதனையில் தேறிய நாய்களை வைத்து ஈத்து எடுத்தார்களோ அந்தப் பெயரே லைனுக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் சோதனையில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தால் குட்டி எந்தப் பக்கம் சாயும் என்றும் தெரியும்.

கே.என்.பி.வி. என்பது 1907-ல் தொடங்கிய நெதர்லாந்து போலீஸ் நாய்ச் சங்கம். அங்கே நாய் நீந்த வேண்டும், பொருளைக் காவல் காக்க வேண்டும், ஒளிந்திருப்பவனைத் தேட வேண்டும், சைக்கிளில் தப்பிப்பவனைத் துரத்திப் பிடிக்க வேண்டும், தடியடி விழுந்தாலும் விடக்கூடாது. இனச் சான்றிதழை அவர்கள் கேட்பதில்லை, வேலை செய்தால் போதும். அதனால் டச்சு ஷெப்பர்டும் வேறு இனங்களும் கலந்த நாய்கள் அங்கே நிறைய. உடம்பு வலுவும் முரட்டுத் துணிச்சலும் இந்தப் பக்கம் அதிகம். போலீஸுக்கும் படைக்கும் பல நாடுகள் வாங்குவது இவற்றைத்தான். முதல் முறை வளர்ப்பவர் கையில் இப்படி ஒரு நாயைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

என்.வி.பி.கே. என்பது 1963-ல் தொடங்கிய பெல்ஜியச் சங்கம். அவர்களுடைய பெல்ஜியன் ரிங்கில் டீகாய், அதாவது கடி வாங்குபவர், உடம்பு முழுக்க சூட் போட்டிருப்பார். கத்துவார், பொருளை எறிவார், நாயை மிரட்டிப் பின்வாங்க வைக்கப் பார்ப்பார். நாய் வாய் நிறையப் பிடித்து, பிடியை மாற்றாமல் நிற்க வேண்டும். பிரெஞ்ச் ரிங்கில் டீகாய் கடைசி நொடியில் விலகி நாயை ஏமாற்றப் பார்ப்பார், பலகையும் வேலியும் தாவ வேண்டும். அதனால் அந்த நாய்கள் எடை குறைவாக, மின்னல் மாதிரி, பெரும்பாலும் காலைப் பிடிப்பதாக இருக்கும். ஐ.ஜி.பி. முன்பு ஐ.பி.ஓ. என்ற பெயரில் இருந்தது, அதற்கும் முன் ஷுட்ஸ்ஹுண்ட். தடம் பிடிப்பது, சொல்பேச்சு கேட்பது, பாதுகாப்பு, மூன்றுக்கும் தலா 100, மொத்தம் 300 மதிப்பெண். கடி, டீகாய் கையில் மாட்டும் தடித்த கைச்சட்டையில் மட்டும்தான். அந்த லைன்களில் மனிதரோடு ஒத்துழைக்கும் குணத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். எல்கோஸ் து ஷ்மாங் தே ப்ளேன் என்ற பிரெஞ்சு நாயின் பெயர் ஐ.ஜி.பி. லைன் பேப்பர்களில், அதாவது வம்சச் சான்றிதழ்களில், அடிக்கடி வருவதைப் பார்க்கலாம்.

பொதுவான ஓர் ஆளுக்கு, முதல் வொர்க்கிங் நாயாக, ஐ.ஜி.பி. லைனோ நிதானமான தாய் உள்ள பிரெஞ்ச் ரிங் லைனோ போதும். நம் பக்கம் கிடைக்கும் பயிற்சியாளர்களுக்கும் அந்த முறைதான் ஓரளவு பழக்கம்.

அப்பா அம்மா மட்டும் தோட்டத்துச் சாளையில இருக்காங்க. நான் பெங்களூருல இருக்கேன். அவங்களுக்குக் காவலா ஒரு மாலினாய்ஸ் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாங்க. இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. கேட்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் இதே பதில்தான். எழுபது வயதுக்காரர் கையில் கயிறு இருக்கும்போது 28 கிலோ நாய் ஓர் உடும்பைப் பார்த்துப் பாய்ந்தால் விழுவது அவர்தான். இடுப்பு எலும்பு உடைந்தால் தனியாக இருக்கிற வீட்டில் அது இன்னொரு ஆபத்து.

போன வருஷம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். மகன் வெளியூரிலிருந்து அனுப்பிய நாய், ஒன்றரை வயது, நல்ல பெல்ஜியன் லைன். பெரியவருக்கு அவிழ்த்துவிடப் பயம், அதனால் கம்பிக் கூண்டிலேயே கிடக்கிறது. கூண்டுக்குள் மண்தரையில் ஒரு வட்டம் மட்டும் நாலு விரல்கடை ஆழத்துக்குப் பள்ளமாகியிருந்தது. நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றித் தேய்த்த தடம். நான் போய் நின்ற பிறகும் சுற்றுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குச் சத்தம் கொடுக்கிற நாய்தான் தேவை. ஊர்ப்பழக்கம் உள்ள இரண்டு நாட்டு நாய்கள், வாசலில் கிரில் கேட், ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரியும் விளக்கு, போனில் பார்க்கிற கேமரா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பர். இதெல்லாம் சேர்ந்தால் ஒரு மாலினாய்ஸை விட அதிகம் காப்பாற்றும்.

வெள்ளக்கோயில் பக்கமுங்க. தெருநாய் வந்து ஆட்டுப் பட்டியில புகுந்து கடிச்சுப் போட்டுருது. பட்டிக்கு மாலினாய்ஸ் விடலாமுங்களா?

கூடாது. மேய்ச்சல் நாய் வேறு, பட்டிக் காவல் நாய் வேறு. மேய்ச்சல் நாய்க்கு ஓடுகிற ஆட்டைத் துரத்துவது ரத்தத்திலேயே இருக்கிறது, அந்தத் துரத்தலை மடக்கித்தான் மேய்ப்பன் வேலை வாங்குகிறான். இப்போதைய வொர்க்கிங் லைன்களில் அந்தத் துரத்தலோடு கடியையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்கள். ஆளில்லாத பட்டியில் இரவு விட்டால் தெருநாய் செய்த வேலையை இதுவே செய்யும். பட்டிக்கு, குட்டியிலிருந்தே ஆட்டோடு படுத்து வளர்ந்த நாட்டு நாயும், கிளுவை வேலிக்குள் ஓட்டையில்லாத கம்பி வலையும்தான் சரி.

பேப்பர்ல எதைப் பார்க்கணும்? நாலு தலைமுறை பேரு இருக்குது, பாதி வாயிலேயே நுழையல.

இடது ஓரத்திலிருந்து பாருங்கள். அப்பா, அம்மா, அப்புறம் நான்கு தாத்தா பாட்டிகள். குட்டியின் மேல் அதிகச் செல்வாக்கு இந்த ஆறு பேருக்குத்தான். விற்பவர் விரலை வைத்துக் காட்டுவது பெரும்பாலும் வலது ஓரத்தில் நான்காம் தலைமுறையில் இருக்கும் ஒரு சாம்பியனை. அதன் பங்கு சராசரியாக பதினாறில் ஒன்றுதான்.

அடுத்து, பெயருக்குப் பக்கத்தில் வேலைப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.ஜி.பி. 1, 2, 3, ரிங் 1, 2, 3, பி.எச். 1 (கே.என்.பி.வி. பட்டம்) என்று இருக்கும். அழகுப் பட்டம் மட்டும் இருந்தால் அது வேலைக்குச் சாட்சி ஆகாது. அப்பா அம்மா இருவருக்குமே பட்டம் இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதில்லை, நம் நாட்டில் போட்டிகள் குறைவு. அப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அந்த இரண்டு நாய்களும் வேலை செய்வதை உங்கள் கண்ணால் பாருங்கள். நாயின் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணும் கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ரீடர் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பேப்பர்ல ஒரே நாய் பேரு ரெண்டு பக்கமும் வருது. சொந்தத்துலயே சேர்த்துட்டாங்களா? தப்புங்களா?

அதற்கு லைன் பிரீடிங் என்று பெயர். ஒரு நல்ல நாயின் குணத்தை நிறுத்திவைக்க அப்படிச் செய்வார்கள். அப்பா வழியில் மூன்றாம் தலைமுறையிலும் அம்மா வழியில் நான்காம் தலைமுறையிலும் வந்தால் 3-4 என்று எழுதுவார்கள். அது பரவாயில்லை. 2-2 என்றால் குட்டிக்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே தாத்தா, யோசிக்க வேண்டும். அண்ணன் தங்கையைச் சேர்த்தாலும், அப்பனையும் மகளையும் சேர்த்தாலும் நெருக்கக் கணக்கு 25 சதம். ஒரே அப்பன் வேறு தாய் என்றால் 12.5. தாத்தா பாட்டி இருவருமே பொதுவாக உள்ள பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள் என்றால் 6.25. நல்ல குணம் நிற்கிற மாதிரியே ஒளிந்திருக்கும் நோயும் நின்றுவிடும்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல். பெயர்பெற்ற ஓர் ஆண் நாய் வந்துவிட்டால் சுற்றுவட்டாரத்துப் பெட்டை எல்லாம் அதற்கே போகிறது. ஐந்து வருஷத்தில் எந்தக் குட்டியை எடுத்தாலும் அதே பெயர் வரும். குட்டி வாங்கும்போதே, பின்னால் எதோடு சேர்ப்பீர்கள் என்று யோசித்து வாங்குங்கள்.

பேப்பர் இல்லாத கே.என்.பி.வி. குட்டின்னு ஒருத்தர் சொல்றாரு. ஏமாத்துறாரா?

நெதர்லாந்தில் அப்படிப் பேப்பர் இல்லாத நல்ல நாய்கள் உண்டு, காரணம் மேலே சொல்லிவிட்டேன். ஆனால் அங்கேயும் வம்சம் தெரியாமல் சேர்ப்பதில்லை. பி.ஆர்.என். என்ற வம்சப் பதிவு எண் வைத்துத் தலைமுறை வரிசையை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட குட்டி என்றால் அந்த எண்ணும் வரிசையும் காட்டட்டும். காட்ட ஒன்றும் இல்லாமல் வாயால் மட்டும் சொன்னால் அது சாதாரணக் கலப்பு நாய். புலிவரி போட்டிருந்தால் டச்சு ஷெப்பர்டு ரத்தம் என்று நினைக்கலாம், அதைத் தாண்டி வரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

'மிலிட்டரி லைன்', 'கமாண்டோ லைன்'னு விக்கிறாங்களே?

அப்படி ஒரு லைன் கிடையாது. 2011-ல் பின்லேடனைப் பிடிக்கப்போன அமெரிக்கப் படையோடு போன கெய்ரோ என்ற நாய் மாலினாய்ஸ்தான். 2022-ல் காஷ்மீரில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் குண்டடிபட்டு உயிரைவிட்ட நம் ராணுவ நாய்கள் ஆக்ஸெல், ஜூம் இரண்டும் மாலினாய்ஸ். சி.ஆர்.பி.எஃப். பெங்களூரு பக்கம் தரளுவில் சொந்தமாகவே வளர்த்துப் பழக்குகிறது. அந்த நாய்களின் பெருமையைச் சொல்லி விற்கிற குட்டிக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்று பேப்பரில் காட்டச் சொல்லுங்கள்.

குட்டி பார்க்கப் போறேன். போனதும் என்ன பண்ணட்டும்?

முதலில் தாயைப் பாருங்கள். குட்டிகளைக் கடைசியில் பார்த்தால் போதும். குட்டிகளோடு இருக்கும் தாய் உறுமலாம், அது இயல்பு. ஆனால் நீங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்து, உரிமையாளரோடு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகும் வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒண்டுகிறது, அல்லது நிறுத்தாமல் கத்துகிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எட்டு வாரமும் குட்டிகள் அவளைப் பார்த்துத்தான் உலகத்தைக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். தாயை அவிழ்த்துவிட்டார்கள். நேராக வந்து என் செருப்பை மோந்தாள், பேண்ட்டை மோந்தாள், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உரிமையாளர் காலடியில் படுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மேலே மரமேறுகிறவர் ஒரு குலையை வெட்டிப் போட்டார். தொப்பென்று விழுந்ததும் எழுந்தாள், காது நிமிர்ந்தது, தானாகவே போய்த் தேங்காய்களை மோந்து பார்த்துவிட்டு வந்து மறுபடி படுத்தாள். நான் வேறெதுவும் பார்க்கவில்லை. அந்த ஈத்தில் ஒன்று எடுத்தேன்.

குட்டியை அது பழகாத இடத்துக்குத் தனியாகத் தூக்கிப்போங்கள். மோட்டார் ரூம், டைல்ஸ் போட்ட வராண்டா, எதுவானாலும் சரி. கொஞ்சம் தள்ளி ஒரு ஈயத் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது தப்பில்லை. சில நொடியில் தேறி, என்ன அது என்று பார்க்க வருகிறதா என்பதுதான் விஷயம். ஒரு சாக்குத் துணியை இழுத்து ஆட்டினால் துரத்திப் பிடிக்கிறதா, பிடித்ததை வைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். ஆனாலும் எட்டு வாரக் குட்டிச் சோதனையை விடத் தாய் தகப்பனின் சுபாவத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

மூணு மாசக் குட்டிங்க, வர்றவங்க எல்லாரையும் பார்த்துக் கத்துது, கடிக்கப் போகுது. செம டிரைவ்தானே?

பெரும்பாலும் அது டிரைவ், அதாவது வேலைக்கான உந்துதல், இல்லை, பயம். மூன்று மாதக் குட்டிக்கு மனிதர்களை எதிரியாக நினைக்கக் காரணமே இல்லை. நெர்வ், அதாவது மனத்திடம், சரியில்லாத லைனில் இது வரும், அடைத்தே வளர்த்தாலும் வரும். அதைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்பட்டுக் கைதட்டினால் இரண்டு வயதில் பால் கறக்க வருபவரின் கை போகும்.

இதில் நானே பட்டவன். என் முதல் மாலினாய்ஸ் செவலை. பேப்பர் முழுக்கப் பெரிய பெயர்கள், தாயைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லோரையும் பார்த்துச் சீறுவாள், நானும் நல்ல காவல் நாய் என்றே நம்பினேன். ஊரில் மாரியம்மன் பொங்கலுக்கு முதல் வேட்டுப் போட்டதும் கதவின் அடிப்பலகையைக் கடித்துப் பிய்த்து உள்ளே வந்து, அம்மாவின் கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டாள். வாயெல்லாம் ரத்தம், உடம்பு விடியும்வரை நடுங்கியது. அன்றைக்குத்தான் அந்தச் சீறல் எதனால் வந்தது என்று எனக்கு விளங்கியது.

நல்ல பாதுகாப்பு நாய் சந்தைக்கூட்டத்தில் சும்மா நடந்து வரும். எதற்கு எழ வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற நிதானம்தான் லைனில் தேட வேண்டியது. கடி எல்லா மாலினாய்ஸிலும் இருக்கிறது, அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

என்ன டெஸ்ட் எல்லாம் கேட்கணும்?

தாய் தகப்பன் இருவருக்கும் இடுப்பு எக்ஸ்ரே, முடிந்தால் முழங்கை எக்ஸ்ரேயும். எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கத்தின் முறையில் இடுப்பை ஏ முதல் இ வரை தரம் பிரிப்பார்கள், ஏ நல்லது. ஒரு வயது முடிந்த பிறகு எடுத்ததுதான் கணக்கு. மயக்கம் கொடுத்து, இரண்டு பின்னங்காலும் நேராக, இணையாக நீட்டி எடுத்த படமாக இருக்க வேண்டும். கோணலாகக் கிடக்கிற படத்தைக் காட்டினால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். படத்தைப் படித்துச் சொல்ல நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களில் ஆள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, எஸ்.டி.சி.ஏ. என்ற மூளைச் சிதைவு நோய். இந்த இனத்துக்கே உரியது. குட்டி ஒன்றரை மாத வாக்கில் தள்ளாடித் தள்ளாடி நடக்கும், தேறாது. தாய் தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்தால்தான் குட்டிக்கு வரும், நாலில் ஒன்றுக்கு. மரபணுச் சோதனை இருக்கிறது. ஒரு பக்கமாவது சுத்தம் என்று தெரிந்தால் போதும், பயமில்லை. அந்த வழியில் யாருக்காவது வலிப்பு வந்திருக்கிறதா என்றும் நேரடியாகக் கேளுங்கள்.

ஆணா பெட்டையா?

முதல் நாய் என்றால் பெட்டை. உருவம் சிறிது, சீக்கிரம் பக்குவப்படும். வருஷத்தில் இரண்டு தடவை பருவத்துக்கு வரும், அப்போது மூன்று வாரம் கவனமாக இருக்க வேண்டும்.

பெரிய சைஸ், மூஞ்சி கருப்பா இருக்கிற லைன்தானே நல்ல லைன்?

இல்லை. 40 கிலோ மாலினாய்ஸ் என்று விளம்பரம் பார்த்தால், கலப்பு அல்லது கொழுப்பு. மூட்டுக்கும் நம் வெயிலுக்கும் அந்த எடை ஆகாது.

நம்ம ஊரு வெயிலைத் தாங்குமுங்களா?

குட்டை முடி என்பதால் ஹஸ்கி மாதிரி இல்லை, வளர்க்கலாம். ஆனால் சித்திரை வைகாசியில் கரூர் பரமத்தியிலும் ஈரோட்டிலும் 40 டிகிரியைத் தாண்டுகிறது. டிரைவ் அதிகமான லைன் தானாக நிற்காது, மயங்கி விழும்வரை பந்தைத் துரத்தும். நாம்தான் நிறுத்த வேண்டும். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுவேன். நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படவைத்து, அப்புறம் டாக்டரிடம் ஓடுங்கள்.

வெயிலை விட நம் பக்கம் அதிகம் கொல்வது உண்ணிக் காய்ச்சல். கொறங்காட்டில் சுற்றி வந்தால் காது மடல், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. எந்த லைனும் இதிலிருந்து தப்பாது.

ராஜபாளையத்தோட கிராஸ் பண்ணினா வெயிலும் தாங்கும், வேலையும் செய்யும்ல?

இரண்டும் எப்படிக் கலக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மாலினாய்ஸின் வேகமும், ராஜபாளையத்தின் சொன்னதைக் கேட்காத சுயபுத்தியும் சேர்ந்து வந்துவிட்டால் அந்தக் குட்டியை யார் வைத்துக்கொள்வது? ராஜபாளையமும் கோம்பையும் தூயதாகக் கிடைப்பதே குறைந்துவருகிறது, அவற்றை அவற்றோடு சேர்ப்பதுதான் நல்லது.

ஐரோப்பாவுல இருந்தே ஒண்ணு இறக்கிடலாமுங்களா?

2016-ல் மத்திய அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்திவிட்டது. சொந்த வளர்ப்பு நாய், ஆராய்ச்சி, காவல் மற்றும் ராணுவத் தேவை என்று சில வழிகள் மட்டும்தான். குட்டி போட்டு விற்க இறக்குவதற்கு அதில் வழியில்லை. இங்கேயே நல்ல ரத்தம் இருக்கிறது. விமானச் செலவை, நாலு ஊர் சுற்றித் தாய்களைப் பார்ப்பதற்கும் பயிற்சிக்கும் போடுங்கள்.

எங்க நாய் சூப்பரா இருக்குது. ஒரு ஈத்து எடுத்துக்கலாமா?

எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, வேலையில் வேற்று ஆள் ஒருவர் சோதித்தாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் மேலே யோசிக்கலாம். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். பெட்டைக்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வயதுக்கு மேல் கூடாது. குட்டியை எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது. எட்டுக் குட்டி பிறந்தால் எட்டு வீடு வேண்டும். மேலே சொன்ன கூண்டு வட்டத்தை நினைத்துக்கொண்டு அந்த எட்டு வீட்டைத் தேடுங்கள்.

நாய் யாரையாவது கடிச்சுட்டா, 'காவல் நாய்'னு போர்டு வெச்சிருந்தாப் போதுமுங்களா?

போதாது. பாரதிய நியாய சன்ஹிதா 291-ன்படி, வளர்க்கும் விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தேங்காய் போட வருபவர், மீட்டர் பார்க்க வருபவர், பால்காரர் என்று தோட்டத்துக்குள் வருகிறவர்களின் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் நாய் உள்ளே இருக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி அட்டை கையில் இருக்க வேண்டும். விடு என்று சொன்னால் விடாத நாய்க்குக் கடிப் பயிற்சியே கொடுக்கக் கூடாது.

ஏற்கெனவே வாங்கிட்டேனுங்கண்ணா. நீங்க சொல்றதை எல்லாம் பார்த்தா எங்க நாய் லைன் சரியில்லைன்னு தெரியுது. இப்ப என்ன பண்றது?

கடிப் பயிற்சியை இன்றைக்கே நிறுத்துங்கள். பயப்படுகிற நாய்க்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்தால் அது யாரை எப்போது கடிக்கும் என்று சொல்ல முடியாது. ஈத்தும் எடுக்காதீர்கள். திரும்ப விற்றுவிடுவது சுலபம்தான், ஆனால் அடுத்தவருக்கு அதே தலைவலியும் நாய்க்கு இன்னொரு கூண்டும்தான் மிச்சம். மூக்கு வேலை கொடுங்கள். பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் கைக்குட்டை, அப்புறம் சாவி. தினம் இருபது நிமிஷம் மோப்பம் பிடித்தாலே நன்றாகக் களைத்துவிடும். சத்தத்துக்கு, தூரத்திலிருந்து மெதுவாகப் பழக்க வேண்டும், மாதக்கணக்கு ஆகும்.

செவலைக்கு இப்போது பன்னிரண்டு வயது. வேட்டுச் சத்தம் இன்றைக்கும் ஆகாது, நோன்பி வந்தால் உள்ளறையில் ஃபேனைப் போட்டு அம்மா கூடவே உட்கார்ந்துகொள்வார். போன ஐப்பசியில் சாவிக்கொத்தைக் கொள்ளுக்காட்டில் எங்கேயோ போட்டுவிட்டேன். மூன்று பேர் இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. காலையில் செவலையை வரப்பில் நிறுத்தி, என் கையை மோக்கவிட்டு, தேடு என்றேன். முழங்கால் உயரச் செடிக்குள் மூக்கை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் போனாள். நாலாவது திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள், முன்னங்கால்களுக்கு நடுவில் சாவிக்கொத்து.